டர்போ எஞ்சினும் அதைக் காக்கும் மானிகளும்

செங்கலடிச் சந்தியிலே கடற்கரை வீதியை விட்டுப் பிரிந்து மேற்கே திரும்பும் பதுளை வீதி, ஏறாவூர்ப்பற்றின் வயல்வெளிகளினூடே சென்று கரடியனாற்றை அடைகிறது. அதுவரை வீதியும் சமதரை, வீசுவதும் கடற்காற்று. அதன் பின் மகா ஓயா, பிபிலை, லுணுகலை, பசறை என்று ஊர்கள் ஒவ்வொன்றாய் வர, நிலம் மெல்ல மெல்ல உயர்கிறது. பதுளையையும் தாண்டி அதே வீதி நுவரெலியாவில் கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தை எட்டுகிறது. இவ்வீதியிற் செல்லும் மோட்டார் வண்டியின் எஞ்சின், புறப்பட்ட இடத்தில் உட்கொண்ட காற்றையே போய்ச் சேரும் இடத்திலும் உட்கொள்வதில்லை. நுவரெலியாவின் வளியழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். காற்று குறைந்தால் எரியும் எரிபொருளும் குறையும். எரிபொருள் குறைந்தால் வலுவும் குறையும். சுமையேற்றிய லொறி மலையேறும்போது முனகுவதற்கு ஏற்றம் மட்டுமே காரணமன்று.

இக்குறையை ஈடுசெய்யப் பிறந்ததே டர்போ என்னும் காற்றழுத்தி. இன்று அது மலைநாட்டு லொறிகளுக்கு மட்டும் உரியதன்று. சிறிய பெற்றோல் கார்களிலும் அது புகுந்துவிட்டது. அத்தகைய காரொன்றை வாங்கும் இளைஞர் பலர் அதன் வலுவை இன்னும் கூட்ட விரும்பி எஞ்சினை 'டியூன்' செய்விக்கின்றனர். அவர்கள் முதலில் வாங்கிப் பொருத்துவது பெரும்பாலும் ஒரு மானியைத்தான். அதுவும் டர்போ எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று காட்டும் மானியை. இரவிலே ஒளிரும் அதன் முள் ஓடி ஏறுவது கண்ணுக்கு விருந்துதான். ஆனால் எஞ்சின் உருகப் போகும் வேளையில் அந்த முள் எச்சரிக்குமா என்பது வேறு கேள்வி. எந்த மானியைத் தெரிவு செய்வது என்பதற்கு விடை வேண்டுமாயின், அம்மானிகள் ஒவ்வொன்றும் எந்த அழிவின் பின்னால் வந்தன என்பதைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும்.

டர்போவின் இயல்பை மட்டக்களப்பு நேயர்களுக்கு விளக்குவது எளிது. எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. காற்று கூடினால் எரிதல் கூடும்; எரிதல் கூடினால் புகை கூடும்; புகை கூடினால் சக்கரம் இன்னும் விரைந்து சுழலும். இவ்வாறு தானே தன்னை வளர்த்துக்கொள்ளும் ஒன்றுக்குக் கட்டுப்பாடு வேண்டும். உறுகாமக் குளம் நிரம்பி வரும்போது மிகுநீர் வான் பாய்ந்து வெளியேற வழி இருப்பதுபோல, மிகுந்த புகை சக்கரத்தைத் தொடாமலே வெளியேற ஒரு சிறு கதவு உண்டு. அதை டர்போவின் வான்கதவு என்றே சொல்லலாம். அது இறுகி நின்றுவிட்டால் அழுத்தம் எல்லை கடக்கும். அணை உடைவது போலவே எஞ்சினும் உடையும்.

அழுத்தத்தை அளக்கும் மானியின் கதை டர்போவுக்கு முந்தியது. நீராவிக் கொதிகலன்களின் காலத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கொதிகலன்கள் வெடித்துத் தொழிலாளரும் கப்பற் பயணிகளும் மாண்ட செய்திகள் அடிக்கடி வந்தன. உள்ளே எவ்வளவு அழுத்தம் உள்ளதென்று பார்க்க நீண்ட பாதரசக் குழாய்களையே நம்பவேண்டியிருந்தது. ஆடி அசையும் வண்டியிலோ கப்பலிலோ அவற்றை வைத்துக்கொள்வது எளிதன்று. பிரான்சு நாட்டுப் பொறியியலாளர் யூஜின் பூர்டன், ஒரு சுருட்குழாய் தவறுதலாகத் தட்டையாகிவிட்டதையும், அதைச் சீராக்க உள்ளே நீரை அழுத்திச் செலுத்தியபோது சுருள் தானாக விரிந்ததையும் கண்டார். மாமாங்கத் திருவிழாக் கடைகளிலே பிள்ளைகள் ஊதி விளையாடும் காகிதச் சுருளும் அவ்வாறே விரிகிறது. பூர்டன் அதை விளையாட்டாக விட்டுவிடவில்லை. வளைந்த தட்டைக் குழாயின் நுனியில் ஒரு முள்ளை இணைத்து 1849 ஆம் ஆண்டில் உரிமம் பெற்றார். 1928 இல் மட்டக்களப்புக்கு வந்து சேர்ந்த றெயில் பாதையில் நீராவி எஞ்சின்களை ஓட்டியவர்களின் கண்முன் இருந்த அழுத்தமானியும் அக்குடும்பத்ததே. இன்று காரில் பொருத்தும் பொறிமுறை மானிக்குள்ளும் அதே வளைந்த குழாய் இருக்கிறது.

டர்போவின் தந்தை சுவிற்சர்லாந்தின் விண்டதூரில் பிறந்த அல்பிரட் பூக்கி என்பவர். எரிபொருளின் வெப்பத்திற் பெரும்பங்கு புகையோடு வீணே போகிறதே என்று வருந்திய அவர், அப்புகையைக்கொண்டே காற்றை அமுக்கும் முறைக்கு 1905 ஆம் ஆண்டில் உரிமம் பெற்றார். உரிமம் பெற்றதோடு எல்லாம் நடந்துவிடவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்த பின்பே, ஜேர்மனியின் இரு பயணிகள் கப்பல்களில் அவருடைய முறை வெற்றி கண்டது. 1,750 குதிரைவலு தந்த டீசல் எஞ்சின் 2,500 குதிரைவலு தந்தது. இடைப்பட்ட காலத்தின் பெருந்தடை கணக்கு அன்று, உலோகம். செந்தணலான புகையில் நின்று சுழலக்கூடிய சக்கரம் அக்காலத்தில் அரிது. டர்போவுக்குச் சூடு பிறவிப்பகை என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம்.

மலையேற்றத்துக்கும் டர்போவுக்கும் உள்ள உறவை உலகம் கண்டது 1918 ஆம் ஆண்டில். அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த சன்போட் மொஸ் என்னும் பொறியியலாளர், லிபேட்டி என்ற விமான எஞ்சினை ஒரு லொறியில் ஏற்றி, கொலராடோவில் 14,000 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் பைக்ஸ் சிகரத்தின் உச்சிக்குக் கொண்டுசென்றார். தாழ்நிலத்தில் 350 குதிரைவலு தந்த அந்த எஞ்சின் உச்சியிலே 230 தான் தந்தது. டர்போவைப் பூட்டியதும் 356 தந்தது. விமானத்தில் ஏற்றிப் பார்க்காமல் மலையிலே நிறுத்திப் பார்த்ததில் ஒரு நுட்பமான அறிவு இருந்தது. ஓடும் எஞ்சினின் அருகே நின்று மானிகளைப் படிக்க மலையுச்சி இடம் தந்தது. ஈராண்டுகளின் பின், 1920 பெப்ரவரி 27 அன்று, ருடோல்ப் ஷ்ரோடர் என்ற விமானி டர்போ பூட்டிய விமானத்தில் 33,000 அடிக்கு மேலே பறந்தார். அங்கே அவருடைய ஒட்சிசன் தீர்ந்தது. கடுங்குளிரில் கண்கள் உறைந்தன. விமானம் பல மைல் தூரம் வீழ்ந்தது. அரைகுறைப் பார்வையோடு அவர் தரையிறங்கியது பெருவியப்பு. எஞ்சினுக்குக் காற்றூட்டிய கருவி மனிதனுக்கு ஊட்டவில்லை.

விமானங்களிலிருந்து வந்த ஒரு குழப்பம் இன்றும் கார்ப் பிரியர்களைத் தொடர்கிறது. இரண்டாம் உலகப் போரிலே அமெரிக்க விமானிகள் எஞ்சினுக்குட் செல்லும் காற்றின் முழு அழுத்தத்தையும் பாதரச அங்குலத்தில் அளந்தனர். பிரித்தானியரோ வளியழுத்தத்துக்கு மேல் எத்தனை இறாத்தல் என்று அளந்தனர். ஆகவே ஒருவர் 48 அங்குலம் என்றதும் மற்றவர் 9 இறாத்தல் என்றதும் ஏறக்குறைய ஒன்றே. இன்றைய கடைகளில் விற்கும் டர்போ மானிகளிற் பெரும்பாலானவை பிரித்தானிய வழியைப் பின்பற்றுபவை; சூழவுள்ள காற்றோடு ஒப்பிட்டுக் காட்டுபவை. கரடியனாற்றில் அம்முள் 0.7 பார் காட்டினால் எஞ்சினுக்குட் சென்றது ஏறத்தாழ 1.7 பார். நுவரெலியாவில் அதே 0.7 என்பது 1.5 பார் மாத்திரமே. முள் ஒரே இடத்தில் நிற்க, எஞ்சின் உண்ட உணவு மாறிவிட்டது. மறுபக்கம், கடற்கரையில் கிடைத்த அதே காற்றை மேட்டிலும் கொடுக்குமாறு கட்டுப்பாட்டை அமைத்தால், டர்போ அங்கே இன்னும் வேகமாகச் சுழல வேண்டியிருக்கும்.

தெருவில் ஓடும் காருக்கு டர்போ வந்தது 1962 இல். அமெரிக்காவின் ஒரே நிறுவனக் குழுமத்தைச் சேர்ந்த இரு கார்கள் அவ்வாண்டிலே சந்தைக்கு வந்தன. அவ்விரண்டின் கதையையும் சற்று விரிவாகவே சொல்லலாம். மானித் தெரிவின் முழுப் பாடமும் அவற்றில் அடங்கியிருக்கிறது.

ஒன்று செவ்ரோலே கோர்வேர் மொன்சா ஸ்பைடர். காற்றாற் குளிரும் எஞ்சின், 150 குதிரைவலு. அதற்கு வான்கதவே இல்லை. புகைவழியின் நெருக்கமும் காபரேற்றரின் குறுகிய வாயுமே அழுத்தத்தைக் கட்டுப்படுத்தப் போதுமென்று செய்தவர்கள் கருதினர். அதேவேளை ஓட்டுநருக்கு முன்னே காற்றழுத்த மானியோடு சிலிண்டர்த் தலையின் சூட்டைக் காட்டும் மானியையும் வைத்தனர். நீரில்லாத எஞ்சினுக்கு ஆபத்து எங்கிருந்து வரும் என்பதை அறிந்து செய்த தெரிவு அது.

மற்றது ஓல்ட்ஸ்மொபில் ஜெட்பயர். 3.5 லீற்றர் எஞ்சின், 215 குதிரைவலு. டர்போ பூட்டாத காருக்கே உயர்ந்தது என்று சொல்லத்தக்க 10.25 என்ற அமுக்கவீதம் அதற்கு இருந்தது. அதன்மேல் டர்போவும் காற்றை அமுக்கினால் பெற்றோல் காலத்துக்கு முன்னரே வெடித்துத் தட்டும். அதைத் தடுக்க நீரும் மெதனோலும் கலந்த ஒரு திரவத்தை எஞ்சினுக்குத் துளித்துளியாக ஊட்டினர். திரவம் தீர்ந்தால் எச்சரிக்க ஒரு விளக்கும், அழுத்தத்தைக் குறைக்க ஒரு தடுக்கிதழும் இருந்தன. ஆயினும் வாங்கியவர்களிற் பலர் திரவத்தை நிரப்ப மறந்தனர். மறந்தபின் கார் சோம்புகிறதென்று முறையிட்டனர். ஈராண்டுகளில் சுமார் 9,600 கார்களோடு உற்பத்தி நின்றது. பின்னர் நிறுவனமே முன்வந்து, விரும்பியோரின் கார்களிலிருந்து டர்போவைக் கழற்றிச் சாதாரணக் காபரேற்றரைப் பூட்டிக் கொடுத்தது. மானியும் விளக்கும் இருந்தும் பயனில்லை; அவை சொல்வதன் பொருள் என்னவென்று ஓட்டுநருக்கு யாரும் பதிய வைக்கவில்லை.

ஜெட்பயரை அஞ்சவைத்த அந்தத் தட்டல்தான் டர்போ எஞ்சினின் முதற் பகைவன். பிரித்தானியாவில் ஹரி ரிக்காடோவும் அமெரிக்காவில் தோமஸ் மிட்ஜ்லியும் முதலாம் உலகப் போர்க் காலந்தொட்டு அதை ஆராய்ந்தனர். 1921 இல் மிட்ஜ்லியின் குழு ஈயச் சேர்மம் ஒன்றைப் பெற்றோலில் கலந்து தட்டலை அடக்கியது. தட்டலை அடக்கிய ஈயம் மனிதரின் குருதியில் நஞ்சானது வேறொரு நீண்ட கதை. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002 ஆம் ஆண்டிலேயே விலக்கப்பட்டது. இன்று எரிபொருள் நிலையங்களில் 92, 95 என்று எழுதியிருக்கும் ஒக்டேன் எண், அப்பெற்றோல் தட்டலை எவ்வளவு தூரம் பொறுக்கும் என்பதற்கான அளவு. 95 க்கு டியூன் செய்த எஞ்சினுக்கு, வழியிலே கிடைக்கவில்லையென்று 92 ஐ நிரப்பி மலையேறினால் தட்டல் எழக்கூடும். அழுத்தமானியின் முள்ளோ என்றும்போலவே நிற்கும்.

முதிய மெக்கானிக்குகள் தட்டலைக் காதாற் கண்டறிந்தனர். நீண்ட திருப்புளியின் முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதோடு சேர்த்து வைத்துக் கேட்பார்கள். தம்புராவுக்குச் சுருதி கூட்டுபவனின் பொறுமை அதில் இருந்தது. ஆனால் வேகமாக ஓடும் டர்போ எஞ்சினின் இரைச்சலில் மனிதக் காது தோற்றுப்போகும். சுவீடனின் சாப் நிறுவனம் 1977 இல் அறிமுகப்படுத்திய டர்போ காரின் பின், 1980 களின் தொடக்கத்தில் பேர் கில்பிராண்ட் என்ற பொறியியலாளரின் முயற்சியால் எஞ்சினுக்கே ஒரு காதை வைத்தது. எஞ்சின் உடலிற் பொருத்திய சிறு உணரி தட்டலின் அதிர்வைக் கேட்டதும், கட்டுப்பாட்டுப் பெட்டி அழுத்தத்தைக் குறைத்தது. நடுத்தரச் சிலிண்டரொன்றின் தட்டல் செக்கனுக்கு ஆறாயிரம் ஏழாயிரம் அதிர்வுகளில் ஒலிக்கும். அந்த ஒலியை மட்டும் பிரித்தெடுப்பதே அவ்வுணரியின் திறமை. அதே நிறுவனத்தின் 900 டர்போ காரில் இருந்த அழுத்தமானியில் எண்களே இல்லை, நிறங்கள் மாத்திரமே. ஓட்டுநர் எண்ணைத் துரத்தாதிருப்பதே நலம் என்று கருதினார்கள் போலும்.

இரண்டாவது பகைவன் சூடு. அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகும். பெற்றோல் டர்போ எஞ்சினின் புகையோ 900 பாகையைத் தாண்டக்கூடியது. அலுமினியப் பிஸ்டன் உருகாமல் நிற்பது, அது பெறும் சூட்டை வளையங்கள் வழியே சிலிண்டர்ச் சுவருக்கும், கீழே எண்ணெய்க்கும் இடையறாது கொடுத்துக்கொண்டிருப்பதனால். வரவு செலவை மிஞ்சினால் பிஸ்டனில் துளை விழும். இச்சூட்டை அளக்கும் வழி பழையது. இரு வேறு உலோகங்கள் சேரும் இடத்தைச் சூடாக்கினால் மின்விளைவு தோன்றுவதை 1821 இல் தோமஸ் சீபெக் கண்டார். 1886 இல் பிரான்சின் லே சதலியே, பிளாற்றினக் கம்பிகளைக்கொண்டு உலைகளின் வெப்பத்தை நம்பகமாக அளக்கும் கருவியாக அதை ஆக்கினார். இன்று புகைக்குழாயிற் செருகும் விரலளவுக் கோல் அதன் வழித்தோன்றல். அதைச் செருகும் இடம் முக்கியம். டர்போவுக்கு முன்னே செருகினால் உண்மைச் சூடு தெரியும். பின்னே செருகினால் சக்கரம் உண்ட வெப்பம் போக எஞ்சியதே தெரியும். நூறு பாகைக்கு மேற்பட்ட அவ்வேறுபாட்டை மறந்தவன், முள் தாழ்ந்து நிற்க எஞ்சினை எரிப்பான்.

சூடும் தட்டலும் பெரும்பாலும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை. அந்த வேர், காற்றுக்குப் பெற்றோல் குறைந்து போதல். ஒரு பங்கு பெற்றோலை முற்றாக எரிக்க நிறையால் 14.7 பங்கு காற்று வேண்டும். டர்போ முழு அழுத்தத்தில் நிற்கும்போது அதைவிடச் செறிவாக, 12 பங்குக்கு அண்மையில் ஊட்டினால், மிகுந்த பெற்றோல் உள்ளே குளிர்ச்சி தந்து தட்டலைத் தள்ளிப் போடும். பெற்றோல் பம்பு தளர்ந்தாலோ, வடிகட்டி அடைபட்டாலோ இச்செறிவு குன்றும். 1976 இல் பொஷ் நிறுவனத்தின் ஒட்சிசன் உணரி வொல்வோ காரில் முதன்முதல் வந்தது. 14.7 க்கு மேலா கீழா என்பதை மட்டுமே அது சொல்லும். ஆம், இல்லை என்ற இரு சொற்களே தெரிந்த சாட்சி போன்றது. எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்றும் சொல்லக்கூடிய அகன்ற வீச்சு உணரிகள் 1990 களிலேயே வந்தன. ஈயம் இவ்வுணரிகளைக் கெடுத்துவிடும். ஆகவே ஈயம் நீங்கிய பெற்றோல் வராத நாட்டில் அவற்றுக்கு ஆயுள் இல்லை. கடையில் மலிவாகக் கிடைக்கும் வண்ண விளக்கு மானிகளிற் சில, பழைய இருசொல் உணரியின் பேச்சையே அழகுபடுத்திக் காட்டுபவை. அவற்றை நம்பி டர்போவுக்கு டியூன் செய்வது கூடாது.

மூன்றாவது, எண்ணெய். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேலும் சுழலும்; பெரும்பாலான டர்போக்களில் அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலமே. தொழிற்சாலை கொடுக்கும் சிவப்பு விளக்கு, எண்ணெய் அழுத்தம் ஏறக்குறைய முற்றாக விழுந்த பின்பே எரியும். அப்போது செய்வதற்கு அதிகம் இல்லை. ஏற்றம் ஏறி நின்றவுடன் எஞ்சினை அணைக்காது சிறிது நேரம் ஓடவிடும் பஸ் சாரதிகள், எந்தப் புத்தகத்தையும் படிக்காமலே அவ்வெண்ணெய் கருகாமற் காக்கின்றனர்.

ஆக, இரு மானிகளுக்கு மட்டுமே கையிற் பணமுள்ள இளைஞன் எவற்றை வாங்குவது? பெற்றோல் காராயின் அகன்ற வீச்சுக் காற்று-எரிபொருள் மானி முதலிடம் பெறும். அழுத்தமானி அதன் அருகே இரண்டாவதாக அமரலாம், வான்கதவு இறுகிவிட்டதை அதுவே முதலிற் காட்டும் என்பதால். எண்ணெய் அழுத்தமானி அடுத்தது; சூட்டுமானி அதன் பின். டீசலாயின் வரிசை மாறும். டீசல் எஞ்சினுக்கு எரிபொருள் கூடக் கூடச் சூடும் கூடும். ஆதலால் அங்கே புகைச் சூட்டுமானியே தலைவன். தட்டலுக்கு முள் வேண்டியதில்லை. டியூன் செய்பவர் அந்நேரத்தில் காதுக் கருவியைப் பூட்டிக் கேட்பதும், தொழிற்சாலை வைத்த உணரியைக் கழற்றாதிருப்பதும் போதும்.

பொருத்தும் விதத்திலும் தெரிவு உண்டு. எண்ணெயைக் குழாய் வழியே ஓட்டுநரின் முழங்காலருகே கொண்டுவரும் பழைய மானி கசிந்தால் சுடும். மின்கம்பி மட்டும் உள்ளே வரும் வகையே வீதிக்கு ஏற்றது. பந்தயக்காரர் ஒரு தந்திரம் அறிவர்: நலமாக இருக்கும்போது எல்லா முட்களும் நேர்மேலே நிற்குமாறு மானிகளைத் திருப்பி வைப்பார்கள், எது சரிந்தாலும் ஒரு பார்வையிலே தெரிந்துவிடும். மாடுகள் குறுக்கிடும் கரடியனாற்று வீதியில், எண்ணைப் படிக்கும் அந்த ஒரு கணம் பெரிது. ஆகவே ஓர் எல்லை கடந்ததும் ஒலி எழுப்பும் மானிக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது வீண் செலவாகாது.

புதிய கார்கள் பலவற்றில் இம்மானிகள் எவையும் வெளியே தெரிவதில்லை; கணினி உள்ளிருந்து அனைத்தையும் கவனித்துக்கொள்கிறது. டியூன் செய்பவர் கை வைப்பது அந்தக் காவலாளியின் கட்டளைகளின் மேலேதான். அவர் எல்லைகளைத் தளர்த்திய பின், உகந்த காலத்தில் வான் திறக்கவும் அணைக்கட்டின் அடியில் கசிவு உண்டா என்று பார்க்கவும் வேண்டிய வட்ட விதானையின் பொறுப்பு ஓட்டுநரிடமே வந்து சேர்கிறது.

வாங்கிய அழுத்தமானி எவ்வகையைச் சேர்ந்தது என்று அறியாதவர் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கரடியனாற்றிலே எஞ்சினை நிறுத்தி முள்ளைப் பார்க்க வேண்டும்; நுவரெலியாவில் மீண்டும் நிறுத்திப் பார்க்க வேண்டும். இரண்டு இடத்திலும் சுழியே காட்டினால் அது சூழ்காற்றோடு ஒப்பிடும் மானி. இங்கே ஒன்றும் அங்கே 0.8 உம் காட்டினால் அது முழு அழுத்தத்தைச் சொல்லும் மானி.